இருபால் மரத்து விதை

போன தை மாதத்தில் ஒரு காலை. எங்கள் தெருவில் தறி வைத்திருப்பவர் ஒருவர் செய்தித்தாள் பொட்டலம் ஒன்றோடு வந்தார். பிரித்தால் உள்ளே சாம்பலில் புரட்டிக் காயவைத்த பப்பாளி விதை, ஒரு கைப்பிடி. “கொல்லை மரத்துப் பழங்க. நீளக் காய். தித்திப்புன்னா அப்படியொரு தித்திப்பு. ஆனா சுத்துவட்டாரத்துல ஆண் மரமே கிடையாது. இது தனியாவே பூத்து தனியாவே காய்க்குது. நாத்து விக்கிறவரு, ‘அது ரெண்டுங்கெட்டான் மரம், அந்த விதையை வெக்காதீங்க’ன்றாரு. நீங்க சொல்லுங்க, வெக்கலாமா, வேணாமா?”

கேள்வி சின்னது. பதில் அப்படி இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே உடலில் கூடிய செடியிலிருந்து விதை எடுக்கலாமா என்று பயிர் செய்கிறவர்கள் வெகு காலமாகவே கேட்டு வருகிறார்கள். வாலாஜாபாத்தில் பப்பாளியை வைத்துக் கேட்கிறோம். ஐரோப்பாவில் நாருக்காகவும் விதைக்காகவும் கஞ்சா இனத்தைப் பயிரிடும் உழவர்கள் அதே கேள்வியை அந்தச் செடியை வைத்துக் கேட்கிறார்கள். இரண்டு பயிரும் எதிரெதிரான பதிலைத் தருகின்றன. அந்த முரண்பாட்டுக்குக் காரணம் தெரிந்தால்தான் பொட்டலத்து விதைக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. ரெண்டுங்கெட்டான் என்றால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்று பொருள். அந்த மரத்திலோ இரண்டும் இருக்கின்றன. மனிதரைச் சொன்னாலும் மரத்தைச் சொன்னாலும் அந்தச் சொல் எனக்கு ஒப்பாது. இதைச் சொல்லியே நல்ல மரங்களை வெட்டிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். இருபால் மரம் என்றே சொல்வோம்.

இருபால் என்று சொல்லும்போதும் ஒரு குழப்பம் நேர்கிறது. நெல்லும் கத்தரியும் வெண்டையும் ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தையும் சூலகத்தையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. சுரை, பீர்க்கு, புடலை, மக்காச்சோளம் ஆகியவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆனால் இரண்டும் ஒரே செடியில். இவற்றில் விதை எடுக்கலாமா என்று யாரும் தயங்குவதில்லை, தயங்கவும் வேண்டாம். இருபால்தான் இவற்றின் இயல்பு. ஆண் செடி தனியாகவும் பெண் செடி தனியாகவும் நிற்கும் சிறுபான்மை ஒன்று உண்டு. பூக்கும் தாவரங்களில் நூற்றுக்கு ஆறு அளவே வரும். பனை, கோவை, கஞ்சா, காட்டுப் பப்பாளி எல்லாம் அந்தக் கூட்டம். அங்கே ஒரு செடி வரப்பைத் தாண்டி மறுபாலையும் சேர்த்துப் பூக்கும்போதுதான் நம் கேள்வி எழுகிறது.

பனையிலிருந்து தொடங்கலாம். அந்தக் கதை எங்கள் ஆற்றோடு வருகிறது. வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. செய்யாற்றின் வழியே மேலேறிப் போனால் திருவோத்தூர். அங்கே சிவனடியார் ஒருவர் வளர்த்த பனைகள் அத்தனையும் ஆண் பனைகளாகிப் போக, பிற சமயத்தார் எள்ள, அவர் சம்பந்தரிடம் முறையிட, பதிகம் பாடி முடித்ததும் ஆண் பனைகள் குலை தள்ளின என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. வேதபுரீசுவரர் கோயிலின் தலமரம் இன்றும் பனைதான். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அடியாரின் துயரம். அலகுப் பனையா (ஆண்), பருவப் பனையா (பெண்) என்று தெரிய, கொட்டை ஊன்றிப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் பொறுக்க வேண்டும். பாதி வாழ்நாள் தண்ணீர் ஊற்றிய பிறகு ‘இது காய்க்காது’ என்று தெரியவருவது எவ்வளவு பெரிய ஏமாற்றம். காய்த்த அந்தப் பனைகள் பிறவி நீங்கிச் சிவத்தோடு கலந்தன என்று சேக்கிழார் முடிக்கிறார். அதனால் அவற்றின் கொட்டையை ஊன்றலாமா என்ற கேள்வி அங்கே எழவில்லை. நமக்கு எழுகிறது.

பப்பாளி நம் மண்ணுக்கு வந்து நானூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நடு அமெரிக்காவில் பிறந்து, ஸ்பானியக் கப்பலில் பிலிப்பைன்ஸ் போய், மலாக்கா வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. இன்று கிணற்றடியும் கொல்லைப்புறமும் இருக்கிற வீட்டில் பப்பாளி இல்லாமல் இருக்காது. அதன் மூன்று வகையையும் பூவை வைத்தே சொல்லிவிடலாம். ஆண் மரத்தில் நீளக் காம்பில் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பெண் பூ இலையடியில் தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். பருத்த அடி, அடிவரை பிரிந்த ஐந்து இதழ், பிரித்துப் பார்த்தால் மகரந்தப்பை இராது. இருபால் பூ அதைவிட ஒடுங்கியது. இதழ்கள் அடிப்பக்கம் ஒட்டிக் குழலாக இருக்கும், உள்ளே சூலகத்தைச் சுற்றி மகரந்தப்பைகள். பெண் மரத்துக் காய் உருண்டை, உள்ளே குழிவு பெரிது. இருபால் மரத்துக் காய் நீளம், சதை தடிப்பு. தெருக்காரர் ‘நீளக் காய்’ என்று சொன்னபோதே பாதி விடை கிடைத்துவிட்டது.

மீதி விடை 1938-இல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் ஹோஃப்மெயர், ஹவாயில் ஸ்டோரி என இருவர், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், பப்பாளியின் பால் எப்படித் தீர்மானமாகிறது என்று ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு மரமும் தாயிடமிருந்து ஒரு மரபணு அலகும் தந்தையிடமிருந்து ஓர் அலகும் வாங்குகிறது. அலகு மூன்று விதம்: பெண், ஆண், இருபால். இரண்டும் பெண்ணலகானால் பெண் மரம். பெண்ணலகோடு ஆணலகு சேர்ந்தால் ஆண் மரம். பெண்ணலகோடு இருபாலலகு சேர்ந்தால் இருபால் மரம். பெண்ணலகே இல்லாமல் மற்றவை இரண்டு சேர்ந்தால் அந்தக் கரு பிழைக்காது. இவ்வளவுதான். விதை எடுப்பவருக்கு இதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

இதை வைத்துப் பாருங்கள். இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டால் நான்கு கருவில் ஒன்று கருகிவிடும். மிச்சம் மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண். ஆண் மரம் ஒன்றுகூட வராது; தொட்டில் முழுக்கக் காய்க்கிற பிள்ளைகள். பெண் மரத்தின் பூவில் இருபால் மரத்து மகரந்தம் விழுந்தால் பாதி பெண், பாதி இருபால். அப்போதும் ஆண் இல்லை. பெண் மரத்தில் ஆண் மரத்து மகரந்தம் விழுந்தால் பாதி ஆண். குழி வெட்டி, எரு போட்டு, ஐந்து மாதம் தண்ணீர் விட்டு வளர்த்ததில் பாதியைப் பிடுங்கிப் போட வேண்டும். இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் போதும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இருபால் மரத்தில் ஆண் மரத்து மகரந்தம் விழுந்தாலோ மூன்றும் சரிக்குச் சரியாகக் கலந்து வரும்.

ஆக, பப்பாளியில் நாற்று விற்கிறவர் சொன்னதற்கு நேர்மாறானதே சரி. எடுத்து வைக்கத் தக்கது இருபால் மரத்து விதைதான். யோசிக்க வேண்டியது, தந்தை யாரென்று தெரியாத பெண் மரத்து விதையை வைக்கலாமா என்பதே.

ஹவாய் இதை முழுத் தொழிலாகவே செய்து காட்டியது. 1911-இல் அங்கே போய்ச் சேர்ந்த ‘சோலோ’ என்ற சிறு பழ வகையில் உழவர்கள் இருபால் மரங்களையே தேடித் தேடி வைத்தார்கள். குழிக்கு மூன்று நான்கு நாற்று நட்டு, பூ எட்டிப் பார்த்ததும் பெண்ணைப் பிடுங்கிவிட்டு ஓர் இருபால் மரத்தை நிறுத்துவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழிக்கு மூன்று நட்டால் மூன்றுமே பெண்ணாகிப் போவது இருபத்தேழு குழிக்கு ஒன்றில்தான். தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்தாலேயே விதை கட்டியும் சோலோ வகை நலிந்துபோகவில்லை. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டால் வம்சம் தேயும் என்ற அச்சம் மக்காச்சோளத்துக்குப் பொருந்தும், பப்பாளிக்குப் பொருந்தாது.

கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகம் கோ 2 வகையை அந்தச் சோலோ வழி வந்த சன்ரைஸ் சோலோவோடு இனக்கலப்புச் செய்து 1983-இல் கோ 3 என்று வெளியிட்டது. 1997-இல் கோ 7 வந்தது. இரண்டும் பெண் மரமும் இருபால் மரமும் மட்டுமே வருகிற வகைகள். காய்ப்பால் எடுத்துப் பப்பேன் நொதி செய்ய உதவும் கோ 2, கோ 5 ஆகியவையோ ஆண் தனி, பெண் தனி என்று நிற்பவை. இந்த வேறுபாட்டை விதைப் பொட்டலத்தின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாற்று வாங்குகிறவர்களில் பலருக்கு அப்படி இரண்டு குலம் இருப்பதே தெரியாது. கோ 3, கோ 7 போட்டால் குழிக்கு ஓர் இருபால் மரத்தை வைத்துப் பெண்ணை எடுத்துவிடச் சொல்கிறார்கள். சந்தைக்கு அனுப்புகிறவருக்கு அது சரி. கொல்லையில் வைத்திருக்கிறவர் ஒரு பெண் மரத்தையும் விட்டு வைக்கலாம் என்பேன். அதற்குக் காரணம் நம் வெயில்.

வாலாஜாபாத் வெயில் எப்படியென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி பிறந்தால் பாலாற்று மணல் கால் வைக்க விடாது. இந்தச் சூட்டில் பெண் மரம் அசையாது; வருடம் முழுக்க பெண் பூதான். இருபால் மரம் அப்படியில்லை. சூடும் வறட்சியும் கூடினால் அதன் பூவில் சூலகம் சுருங்கி, வெறும் மகரந்தப் பூவாக உதிர்ந்துவிடும். குளிரும் ஈரமும் கூடினால் எதிர்ப்பக்கம் சாய்ந்து, மகரந்தத் தண்டுகளே சூலகத்தோடு ஒட்டி, கோணல்மாணலான காய் வரும். தண்டைப் பார்த்தாலே மரத்தின் வரலாறு தெரியும். கீழே காய் வரிசை, நடுவில் ஒரு முழம் வெறும் தண்டு, அதற்கு மேல் மறுபடி காய். அந்த வெறும் முழம்தான் போன கோடை. தறியில் ஊடை தப்பிய இடம்போல அது மரத்திலேயே நின்றுவிடும். தெருக்காரரிடம் இதைக் காட்டியபோது அவருக்கு உடனே பிடிபட்டது.

விதைக்கு மரம் தேர்கிறவர் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். எல்லா இருபால் மரமும் ஒரே அளவில் தப்புவதில்லை. சில வம்சங்கள் கோடையில் முழுக்க மலடாகும். சில ஏழெட்டுப் பூவைத்தான் இழக்கும். இந்தக் குணமும் விதை வழியே இறங்குகிறது. ஆகவே நம்மூரில் இருபால் மரத்து விதை எடுக்கலாம் என்பதோடு நிறுத்தினால் அரைப் பதில்தான். கோடையைக் காயோடு கடந்த இருபால் மரத்து விதையை எடுக்க வேண்டும். தித்திப்பைப் பார்த்து எடுக்கிறோம், நீளத்தைப் பார்த்து எடுக்கிறோம், தண்டைப் பார்ப்பதில்லை.

பப்பாளியிலேயே வைக்கக் கூடாத விதையும் உண்டு. எப்போதாவது ஆண் மரம் காய்க்கும். தொங்கும் பூங்கொத்தின் நுனியில், நீளக் காம்பில், கைவிரல் பருமனுக்கு இரண்டு மூன்று காய். ஆண் மரத்தில் ஆணி அடித்தால் காய்க்கும், தலையை வெட்டினால் காய்க்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அடிபட்ட ஆண் மரம் சில சமயம் பெண் உறுப்பை விரிப்பதுண்டு. பருவ மாற்றத்தாலும் அது நேரும். பார்க்க அதிசயம்தான். ஆனால் அந்த மரத்தின் அலகு மாறவில்லை. அது காய்த்த ஆண். அதன் விதையை ஊன்றினால், பிழைத்து வருகிற மூன்றில் இரண்டு ஆண் மரம். திருவோத்தூர் அதிசயத்தைக் கொல்லையில் எதிர்பார்த்து அந்த விதையை வைக்கிறவருக்குக் கிடைப்பது அந்த அடியாரின் பழைய துயரம்தான்.

பிறவியிலேயே இருபாலான மரம் ஒன்று, நெருக்கடியில் இருபாலானது ஒன்று. வெளியே பார்த்தால் இரண்டும் ‘தனியே காய்த்த மரம்’தான். இந்த இரண்டையும் மனிதர்கள் முதலில் குழப்பிக்கொண்டதும், பிறகு பிரித்துப் பார்க்கக் கற்றதும் பப்பாளியில் அல்ல, கஞ்சாச் செடியில்.

1694-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கமராரியுஸ் என்ற மருத்துவர், தாவரங்களுக்கும் ஆண்பெண் உண்டு, மகரந்தம் இல்லாமல் முளைக்கும் விதை இல்லை என்று ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். ஆமணக்கில் ஆண் பூவையும் மக்காச்சோளத்தில் சூல்முடியையும் அகற்றிப் பார்த்து நிறுவியது அது. ஆனால் கஞ்சாச் செடி அவரைக் கலங்கடித்தது. ஆணிடமிருந்து பிரித்து வைத்த பெண் செடியும் விதை கட்டியது. தன் கொள்கைக்கு எதிரான அந்தச் சான்றை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு. பெண் செடியில் கண்ணுக்குத் தப்பி ஒன்றிரண்டு ஆண் பூ ஒளிந்திருக்கும் என்பது பின்னால் தெளிந்தது. ஆண் துணை கிடைக்காமல் பருவம் கழிகிற பெண் செடி, கடைசி நேரத்தில் தானே கொஞ்சம் மகரந்தம் உண்டாக்கி நாலு விதையாவது விட்டுச் செல்லப் பார்க்கிறது.

ஆண் எது, பெண் எது என்றே மக்கள் மாற்றிச் சொன்ன பயிரும் இதுதான். பழைய ஆங்கிலேய உழவர்கள் மெலிந்து முன்னதாகவே காய்ந்துபோகும் செடியை ‘ஃபிம்பிள்’, அதாவது பெண், என்றார்கள். கடைசிவரை நின்று விதை தாங்குவதை ‘கார்ல்’, முரட்டு ஆண், என்றார்கள். உண்மை தலைகீழ். மெலிவது பெண்ணாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் செடிக்கும் பெயர் வைத்துவிட்டது.

நம் பக்கத்துக்கும் இந்தப் பயிரோடு பழைய தொடர்பு உண்டு. வெள்ளையர் ஆட்சியில் இந்தியா முழுக்க கஞ்சா பற்றி ஆராய 1893-இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894-இல் அறிக்கை தந்தது. சென்னை மாகாணத்தில் சாகுபடி நடந்த இடங்களில் ஒன்று வட ஆர்க்காட்டுக் கணியம்பாடிப் பக்கம். பாலாற்றில் நமக்கு மேற்கே, வேலூரைத் தாண்டி, ஜவ்வாது மலையடிவாரம். வங்காளத்தில் நவகாவ் பகுதியில் ஆண் செடியைக் கண்டுபிடித்துக் களைவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வயல் வயலாகக் கூலிக்குப் போவார்கள். ஆணைக் களைந்தால் போதாது, பெண் செடியில் தலைகாட்டும் ஆண் பூவையும் பிடிக்க வேண்டும். அதற்குப் பயின்ற கண் வேண்டும். அந்த அறிவு எழுத்தில் இறங்காமலே பெரும்பாலும் மறைந்துபோனது.

பிறவிக் குணமா, சூழலா என்ற கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். 1920-களில் ஒஹாயோவில் ஷாஃப்னர், குளிர்காலத்துக் குறுகிய பகலில் கண்ணாடி வீட்டில் வளர்த்த செடிகள் பெருமளவில் பால் மாறுவதைக் காட்டினார். நிலத்தில் அடக்கமாக நின்ற செடிதான், ஒளி மாறியதும் மாறியது. பிறகு நம் நாட்டவர் ஒருவர் பெரும்பங்கு செய்தார். தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எச்.ஒய். மோகன் ராம், தம் மாணவர்களோடு, 1970-இல் எத்ரல் என்ற மருந்து கொண்டு ஆண் செடியில் பெண் பூ வரவழைத்தார். 1972-இல் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி கொண்டு பெண் செடியில் ஆண் பூ வரவழைத்தார். 1982-இல் வெள்ளிச் சேர்மங்களால் பெண் செடியில் வளமான மகரந்தமே கிடைப்பதைக் காட்டினார். இன்று உலகெங்கும் அந்தப் பயிரில் பெண் விதை மட்டும் உண்டாக்கும் தொழில் அந்த ஆய்வின் மேல்தான் நிற்கிறது. தமிழில் அவர் பெயரை ஒரு கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை என்பது வருத்தம்.

அவர் பயன்படுத்திய எத்ரல்தான் நம் புடலைக்கும் பீர்க்குக்கும் நாலிலைப் பருவத்தில் பெண் பூ கூடுவதற்காகத் தெளிக்கிற மருந்து. தெளித்த கொடியின் விதையை வைக்கலாமா என்றால் தாராளமாக வைக்கலாம். மருந்து பூவைத்தான் மாற்றியது, விதைக்குள் இருக்கும் எழுத்தைத் தொடவில்லை. கஞ்சாச் செடியிலும் அதேதான் நியாயம். மருந்தால் ஆண் பூ விட்ட பெண் செடியின் விதை முழுக்கப் பெண்ணாகவே வரும், தாயின் நிலையான குணத்தோடு வரும். யாரும் தூண்டாமல், சின்ன வாட்டத்துக்கே ஆண் பூ விட்ட பெண் செடியின் விதையும் பிறப்பில் பெண்தான். ஆனால் அதோடு, வாட்டம் வந்தால் வரப்பைத் தாண்டும் அந்தச் சபலமும் சேர்ந்தே இறங்கும். அடுத்த தலைமுறையில் அது கூடும். அதனால்தான் அந்தப் பயிரை அறிந்தவர்கள் தானாக மாறிய செடியின் விதையை வைக்காதே என்கிறார்கள். அவர்கள் பயிருக்கு அது சரியான சொல். பப்பாளிக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டியதுதான் தவறு.

ஐரோப்பியரின் நார்ப் பயிர் இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அங்கே ஆண் செடி முன்னதாகவே காய்ந்துவிடுவதால் அறுவடை ஒன்றுபோல வருவதில்லை. எனவே ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருபாலையே இலக்காக வைத்து, ஒரே செடியில் இரண்டு பூவும் வருகிற வகைகளைத் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். ஃபிப்ரிமோன், ஃபெட்ரினா, ஃபெடோரா, ஃபூச்சுரா ஆகியவை அந்த வழி வந்தவை. ஆனால் அந்த இருபால் தானாக நிற்காது. வயலில் ஓர் ஆண் செடி தலைதூக்கினாலும் அதன் மகரந்த வெள்ளத்தில் சில தலைமுறைக்குள் பயிர் மறுபடி ஆண், பெண் என்று பிரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஆள் வைத்து ஆணைக் களைந்த வயலின் விதையே வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் சான்று பெற்ற விதையை விதைத்தால்தான் இந்தப் பயிருக்கு மானியம் தருகிறது. பப்பாளியின் இருபால் ஓர் அலகில் பூட்டி வைத்த சொத்து. அந்தப் பயிரின் இருபாலோ தினம் காவல் காக்க வேண்டிய பயிர்.

நம்மூரில் இது வெறும் அறிவுக்கான செய்திதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்பதைப் பூக்கும், காய்க்கும் நுனிகள் என்று வரையறுக்கிறது. நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்கு வெளியே. 2021-இல் அந்த விதையை உணவாக விற்கவும் உணவுத் தர ஆணையம் வழி திறந்தது. ஆனால் உரிமமின்றி ஒரு செடி முளைக்க வைத்தாலும் குற்றம். உத்தரகாண்ட் மாநிலம் 2018 முதல் நார்ப் பயிருக்கு உரிமம் தருகிறது. தமிழ்நாட்டுக் கொல்லைக்கு அது இல்லை.

பொட்டலத்துக்குத் திரும்புவோம். தெருக்காரரின் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யாரோ கொடுத்த நாற்றாம். சிவந்த சதையும் நீளமும் பார்த்தால் தைவானிலிருந்து வந்து நம் நாடெங்கும் பரவிய ரெட் லேடி வீரிய ஒட்டு என்று தோன்றியது. அப்படியானால் விதையில் பால் கணக்கு தப்பாது, ஆண் வராது. ஆனால் ருசியும் நிறமும் உயரமும் மரத்துக்கு மரம் கலைந்து வரும். ஒட்டு விதையைக் கடையில் கிராம் கணக்கில் விற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டியிருப்பது இந்தக் கலைவினால்தான். கலைவு என்றால் கெடுதி என்று பொருளல்ல. முப்பது மரத்தில் தாயைப்போல நாலு இருக்கும், தாயை மிஞ்சி ஒன்று இருக்கலாம். அந்த ஒன்றைத் தேர்ந்து, அதன் பூவுக்கு உறை போட்டு, நாலைந்து தலைமுறை நிறுத்தினால் அது வாலாஜாபாத் பப்பாளி ஆகிவிடும். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தன் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் கொடுத்து வாங்கவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பதிவு பெற்ற வகையை அதன் வணிகப் பெயரோடு பொட்டலம் கட்டி விற்கக் கூடாது, அவ்வளவே.

விதையைப் பார்த்தோ நாற்றைப் பார்த்தோ பால் சொல்ல முடியாது. கருத்த விதை பெண், மிதக்கிற விதை ஆண் என்பதெல்லாம் ஆதாரமில்லாதவை. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் 1999 வாக்கில் மரபணுவை வைத்து நாற்றிலேயே பால் காணும் வழியைக் கண்டார்கள். பெரிய பண்ணைக்கு அது உதவும். கொல்லைக்காரருக்குக் குழிக்கு மூன்று நாற்றும் ஐந்து மாதப் பொறுமையும் போதும்.

உறை போடுவது சிரமமான வேலை இல்லை. இருபால் பூவில் மகரந்தப்பை பூ விரியும் முன்பே வெடித்துவிடுவதால் பெரும்பாலான விதை தன் மகரந்தத்தில்தான் உண்டாகிறது. ஆனாலும் மாலையில் வந்து தேன் குடிக்கும் பெரிய விட்டில்கள் எங்கிருந்தாவது ஆண் மரத்து மகரந்தத்தைக் கொண்டுவரலாம். விரியப் போகும் மொட்டை மெல்லிய துணிப்பையில் கட்டி, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்து, காம்பில் அடையாளம் வைத்தால் போதும். பழத்தை மரத்திலேயே பழுக்கவிட்டு, விதையின் வழவழப்பான உறையைத் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். அந்த உறை முளைப்பைத் தடுக்கும். சாம்பலில் புரட்டித் தேய்த்த தெருக்காரர் அதைத் தெரிந்தே செய்திருந்தார்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். காட்டுப் பப்பாளியில் இருபால் மரமே இல்லை. 2015-இல் வெளியான மரபணு ஆய்வு, இருபாலலகு ஆணலகிலிருந்து பிரிந்தது என்றும், ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுக்கு முன், மாயா நாகரிகம் எழுந்த காலத்தையொட்டி, மனிதர் பயிராக்கியபோது நிலைத்தது என்றும் காட்டுகிறது. எங்கோ ஒரு கொல்லையில் தனியே காய்த்த விநோத மரம் ஒன்று நின்றது. யாரோ ஒருவர் அதன் பழத்தைத் தின்றுவிட்டு விதையை எடுத்து வைத்தார். இன்று நாம் தின்கிற நீளப் பழம் ஒவ்வொன்றும் அந்தக் கையிலிருந்து வந்தது.

மாசியில் முப்பது பையில் விதை ஊன்றினோம். இருபத்திரண்டு முளைத்தன. ஆனி மழை தொட்டதும் அவர் கொல்லையில் குழிக்கு மூன்றாக ஐந்து குழி, என் கொல்லையில் இரண்டு குழி நட்டோம். எஞ்சிய ஒன்றை எதிர்வீட்டுக்காரர் கேட்டு வாங்கிப் போனார். ஐப்பசியில் முதல் மொட்டு வந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒடுங்கிய குழல், இருபால். அவர் வீட்டுக்குள் போய்த் தறியில் மிஞ்சிய மஞ்சள் பட்டு நூல் ஒரு முழம் கொண்டுவந்து, துணிப்பையின் வாயை அதனால் கட்டினார்.